தூளும் ஐஸும்: தடையா, அனுமதியா?

மட்டக்களப்பில் உளவளத்துணையாளராக வேலை செய்கிறேன். போதைப்பொருள் பற்றி நீங்கள் கேட்டவற்றுக்குப் பதில் சொல்கிறேன்.

கல்லடி, ஒரு தாய்: மகனுடைய சட்டைப் பையில் கருகிய வெள்ளித்தாள் இருந்தது. பொலிசில் கொடுத்தால் திருந்துவானா?

அவசரப்படாதீங்க அம்மா. என்னிடம் வரும் ஒரு பையன், ஒரு பக்கற்றோடு பிடிபட்டு விளக்கமறியலுக்குப் போனவன். வெளியே வரும்போது மூன்று வியாபாரிகளைத் தெரிந்துகொண்டு வந்தான். வெள்ளித்தாள் கருகியிருந்தால் பெரும்பாலும் தூளாக, அதாவது ஹெரோயினாக இருக்கும். முதலில் 1927 என்ற போதைப்பொருள் ஆலோசனைத் தொலைபேசி எண்ணுக்கு எடுத்துப் பேசுங்கள். சிகிச்சைக்கு அனுப்ப 2007 ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கிறது. ஒன்றை மட்டும் மறக்காதீங்க: கொஞ்ச நாள் விட்டிருந்துவிட்டுப் பழைய அளவை மறுபடி எடுத்தால் மூச்சே நின்றுவிடலாம். விட்ட பிறகுதான் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும்.

அக்கரைப்பற்று, ஆசிரியர்: போர்த்துக்கலில் எல்லாவற்றையும் சட்டபூர்வமாக்கி விட்டார்களாமே?

இல்லை சேர். 2001 இல் அவர்கள் செய்தது வேறு. பத்து நாள் பாவனைக்குள் அடங்கும் அளவு ஒருவரிடம் இருந்தால் பொருளைப் பறித்துவிட்டு, வழக்குப் போடாமல் ஒரு குழுவின் முன் அனுப்புவார்கள். விற்றவருக்கு அங்கேயும் மறியல்தான். கூடவே சிகிச்சை வசதிகளையும் பெருக்கினார்கள். அமெரிக்காவில் ஒரேகன் மாநிலம், சிறிதளவு வைத்திருப்பதற்கான குற்றவியல் தண்டனையை 2021 இல் எடுத்தது. சிகிச்சை ஏற்பாடுகள் பிந்தின. 2024 இல் மறுபடி குற்றமாக்கினார்கள். நமக்கும் முதலில் சிகிச்சை நிலையம் வேண்டும், சட்டத் திருத்தம் அப்புறம்.

வாழைச்சேனை, கடற்றொழிலாளர்: சாராயம் விற்கலாம், கஞ்சா கூடாதா?

நியாயமான கேள்வி தம்பி. என்னிடம் அதிகம் வருவது சாராயத்தால் சீரழிந்த குடும்பங்கள்தான். அதனால்தான் பயப்படுகிறேன். வரி வரத் தொடங்கினால் அந்த வியாபாரத்தை அரசாலேயே விட முடியாது. தாய்லாந்து 2022 இல் கஞ்சாவைத் தடைப் பட்டியலிலிருந்து எடுத்தது. தெருவெல்லாம் கடை வந்தது. 2025 இல் மருத்துவச் சீட்டு வேண்டும் என்று இறுக்கினார்கள்.

களுவாஞ்சிக்குடி, மாணவி: தூக்கில் போட்டால் பயம் வராதா?

2 கிராம் ஹெரோயின் கடத்தினாலே மரண தண்டனை விதிக்கலாம் என்ற சட்டம் 1984 இலிருந்து இருக்கிறது மகள். 2022 இல் 5 கிராம் ஐஸுக்கும், அதாவது மெத்தம்பெட்டமைனுக்கும், அது வந்தது. 1976க்குப் பிறகு நாட்டில் யாரையும் தூக்கிலிடவில்லை. தூக்கிலிட்டாலும், கயிறு முதலாளியின் கழுத்துக்குப் போகாது என்பதுதான் என் பயம். என்னிடம் வரும் பையன்களில் பலர், தங்கள் ஒரு வேளைத் தூளுக்காக அடுத்தவனின் பக்கற்றைக் காவியவர்கள்.