100 கிலோவில் நின்றுபோன ஸ்குவாட்: வாசகர் கேள்வி–பதில்

கனமான எடை தூக்கும்போது மனம் முரண்டு பிடிப்பதைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் ஆறை இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம்.

ஸ்குவாட்டில் (பார் எனும் எடைக்கம்பியைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவதில்) 95 கிலோ ஒரு ரெப் (ஒரு முறை) போகிறது. 87.5 கிலோவில் 5 ரெப்பும் வருகிறது. ஆனால் 100 போட்டால் பாரைத் தோளில் எடுத்ததுமே கால் நடுங்குகிறது, பாதி இறங்கி நின்றுவிடுகிறேன். மூன்று மாதமாக இப்படித்தான். குறை பலத்திலா, மனசிலா?

முதலில் கணக்கு. பல ரெப் எடுக்கும் எடையை வைத்து ஒரு ரெப்பின் உச்சத்தை மதிப்பிட எப்லி சூத்திரம் இருக்கிறது. ரெப் எண்ணிக்கையை 30-ஆல் வகுத்து, 1 கூட்டி, எடையால் பெருக்க வேண்டும். 87.5 கிலோவில் 5 ரெப் என்றால் 102 கிலோ வருகிறது. இது மதிப்பீடுதான், ஓரிரு கிலோ முன்பின் இருக்கலாம். அந்த ஐந்து ரெப்பும் முழு ஆழத்துக்கு இறங்கியவையாக இருந்தால்தான் கணக்கு செல்லும். அப்படி இருந்தால் 100 கிலோவுக்கான பலம் உங்களிடம் இருக்கிறது.

அடுத்து, இடுப்பு உயரத்தில் பக்கவாட்டிலிருந்து வீடியோ எடுங்கள். 90 கிலோவையும் 100 கிலோவையும் ஒப்பிட்டுப் பாருங்கள். முழுதாக இறங்கி, எழும்போது நடுவில் மாட்டினால் அது பலக்குறை. மாட்டும் இடத்தில் ஒரு நொடி நிறுத்தி எடுக்கும் ஸ்குவாட்டைச் சில வாரம் சேர்த்தால் சரியாகும். இறங்கும்போதே வேகம் குறைந்து, ஆழம் வருமுன் நின்றுவிட்டால் கதை வேறு. நீங்கள் எழுதியிருப்பது இந்த இரண்டாவது வகை.

எழ முடியாமல் போனால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு உங்கள் உடம்புக்கு இன்னும் பதில் தெரியாது. தெரியாததால் இறங்க மறுக்கிறது. தைரியம் சொல்லிச் சொல்லி இதைத் தீர்க்க முடியாது. பாதுகாப்பாகத் தோற்றுப் பார்க்க வேண்டும்.

பவர் ரேக் என்ற இரும்புச் சட்டத்துக்குள் காலி பாரோடு முழு ஆழத்துக்கு இறங்குங்கள். அந்த நிலையில் பாருக்கும் அதைத் தாங்கும் குறுக்குக் கம்பியான சேஃப்டி பின்னுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி இருக்கட்டும். பின் மேலே இருந்தால் ஒவ்வொரு ரெப்பிலும் பார் இடிக்கும், அந்தச் சத்தமே அடுத்த பயமாக வளரும். மிகக் கீழே இருந்தால் தோற்கும்போது முதுகை வளைத்துத்தான் பாரை இறக்க வேண்டியிருக்கும். உயரம் சரியானதும் 40 கிலோ போட்டு, எடைத்தட்டு நழுவாமல் பிடிக்கும் காலர் மாட்டி, இறங்கி, வேண்டுமென்றே எழாமல் பாரைப் பின்மேல் உட்கார வையுங்கள். நெஞ்சை நிமிர்த்தியே வைத்து, பார் பின்னில் அமர்ந்த பிறகு அடியிலிருந்து வெளியே வாருங்கள். அதையே 60 கிலோவிலும், பிறகு 80 கிலோவிலும் செய்யுங்கள். இரண்டு நாள் பயிற்சியில் ஏழெட்டு முறை போதும். இந்தப் படியை வெட்கப்பட்டுத் தாண்டிவிடுகிறவர்கள் மிக அதிகம். எங்களைக் கேட்டால் மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம்.

இரண்டாவது, தோளில் எடுத்ததும் வரும் நடுக்கம். அந்தப் பாரத்தை உங்கள் முதுகு இதுவரை சில நொடிகள்தான் சந்தித்திருக்கிறது. வாரம் ஒரு நாள், அன்றைய ஸ்குவாட் முடிந்த பிறகு 105 கிலோவை ரேக்கிலிருந்து எடுத்து, இரண்டு அடி பின்னால் வந்து, முட்டியை மடக்காமல் 8 முதல் 10 நொடி நின்று, திரும்ப வையுங்கள். இரண்டு முறை போதும். மூன்றாவது வாரம் 110. மூச்சை வயிற்றுக்குள் இழுத்து இடுப்பைச் சுற்றிலும் இறுக்கிக்கொண்டு நிற்க வேண்டும். இப்படிச் செய்த பிறகு 100 கிலோவை எடுத்தால் தோளுக்கு அது தெரிந்த ஆளாகத்தான் இருக்கும்.

மூன்றாவது, 100 என்ற எண்ணை நேருக்கு நேர் மோத வேண்டியதில்லை. அரைக் கிலோ பிளேட் (எடைத்தட்டு) ஒரு ஜோடி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அதனால் ஒரு கிலோ கூடும். வாரத்துக்கு ஒன்றாக 96, 97.5, 99 என்று போய், அடுத்த வாரம் 101 போடுங்கள். 100 கிலோவைப் போடவே வேண்டாம்.

முயலும் நாளில் வார்ம்-அப் சுருக்கமாக இருக்கட்டும்: காலி பாரில் 8 ரெப், 50 கிலோவில் 5, 70 கிலோவில் 3, 80 கிலோவில் 2, 87.5-இல் ஒன்று, 94-இல் ஒன்று. கடைசி எடைக்கு முன் 4 நிமிடம் முழுதாக ஓய்வெடுங்கள். பயத்தில் இருப்பவர்கள் ‘இன்னும் கொஞ்சம் சூடாக்கிக்கொள்வோம்’ என்று 80 கிலோவிலேயே ஐந்தைந்தாக எடுத்து, இருந்த பலத்தை அங்கேயே செலவழித்துவிடுவது வழக்கம்.

பிளேட்டின் நிறத்தைப் பார்த்தாலே எனக்கு உதறுகிறது. சிவப்பு ஏறினால் அவ்வளவுதான். சிரிக்காமல் பதில் சொல்லவும்.

சிரிக்க இதில் எதுவும் இல்லை. போட்டி பிளேட்டுகளில் சிவப்பு 25, நீலம் 20, மஞ்சள் 15, பச்சை 10 கிலோ. தோற்ற நாட்களில் எல்லாம் பாரில் சிவப்பு இருந்திருந்தால் கண் அதை நினைவில் வைத்திருக்கும். எடையை மாற்றாமல் தோற்றத்தை மாற்றுங்கள். 20 கிலோ பாரில் 100 கிலோ வர, பக்கத்துக்கு ஒரு சிவப்பும் ஒரு மஞ்சளும் போடலாம், இரண்டு நீலமும் போடலாம். மாறாக, 70 கிலோ வார்ம்-அப்புக்கே பக்கத்துக்கு ஒரு சிவப்பை மட்டும் மாட்டிப் பழகலாம். எளிதாகப் போகும் எடையில் சிவப்பைத் திரும்பத் திரும்பப் பார்த்தால் அந்த உதறல் தணியும்.

எண்ணுக்கும் இதே கதிதான். 1970-இல் கொலம்பஸில் நடந்த உலகப் போட்டியில் சோவியத் வீரர் வாசிலி அலெக்ஸேயெவ் 500 பவுண்டுக்கு மேல் கிளீன் அண்ட் ஜெர்க் (பாரைத் தோளுக்கு ஏற்றி, பிறகு தலைக்கு மேல் உயர்த்துவது) செய்த முதல் மனிதரானார். அந்த 500 பவுண்டு கிலோவில் 226.8. கிலோவில் பழகியவருக்கு அது ஒரு முழு எண்கூட இல்லை. உங்களை மிரட்டும் 100 கிலோவும் பவுண்டில் ஏறத்தாழ 220 தான்.

எடையைச் சொல்லாமல் நண்பரை விட்டுப் பிளேட் மாட்டச் சொல்லும் முறையும் உண்டு. பாரில் உள்ளதைவிடக் குறைவான எடை என்று நம்பவைத்தபோது ஆட்கள் கூடுதலாகத் தூக்கியதை 1979-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. செய்வதானால் சேஃப்டி பின் கட்டாயம் இருக்க வேண்டும். உங்கள் உச்சத்துக்கு மேல் 2.5 கிலோவைத் தாண்டக் கூடாது என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். எப்போதாவது ஒரு முறை செய்தால் போதும்.

நான் பயிற்சியாளர். 17 வயது மாணவி ஸ்னாட்ச்சில் (தரையிலிருந்து ஒரே வீச்சில் தலைக்கு மேல் தூக்குவதில்) பாரை நன்றாக இழுக்கிறாள், ஆனால் பாருக்கு அடியில் போக மாட்டேன் என்கிறாள். கத்தியும் பார்த்துவிட்டேன், எடையைக் குறைத்துச் சொல்லி ஏமாற்றியும் பார்த்துவிட்டேன்.

இரண்டையும் நிறுத்துங்கள் மாஸ்டர். கத்தலால் பலம் கூடுகிறது என்பது உண்மைதான். 1961-இல் இகாய், ஸ்டைன்ஹாஸ் இருவரும் செய்த சோதனையில், துப்பாக்கிச் சத்தமும் சோதனைக்கு உட்பட்டவரே போட்ட கூச்சலும் முழங்கையை மடக்கும் பலத்தைக் கூட்டின. ஆனால் அது ஒரே மூட்டின் வேலை. ஸ்னாட்ச்சில் இழுப்பு முடிந்த கணத்தில் அடியில் நுழைய வேண்டும், அந்த நேரக்கணக்கைப் பதற்றம் கெடுத்துவிடும். ஏமாற்றினால் இன்னும் மோசம். ஒரு முறை தெரிந்துவிட்டால் நீங்கள் சொல்லும் எந்த எடையையும் அந்தப் பெண் நம்ப மாட்டாள்.

கனமான ஸ்னாட்ச் தலைக்கு மேல் தானாக ஏறி வருவதில்லை. வயிற்றுக்கும் நெஞ்சுக்கும் இடைப்பட்ட உயரத்தில் பார் இருக்கும்போதே ஆள் கீழே போக வேண்டும். தலைக்கு மேல் பாரை வைத்துக்கொண்டு தோற்றால் எப்படித் தப்புவது என்று தெரியாத உடம்பு அதைச் செய்யாது. ஆகவே தப்பிக்கக் கற்றுக்கொடுங்கள். கீழே போடத் தோதான ரப்பர் பம்பர் பிளேட், சுற்றிலும் இரண்டு மீட்டர் காலி இடம், தரையில் தனிப் பிளேட் எதுவும் கிடக்கக் கூடாது. பார் முன்னால் சாய்ந்தால் கையால் முன்னே தள்ளிவிட்டுப் பின்னால் குதிக்க வேண்டும். பின்னால் சாய்ந்தால் பின்னே விட்டுவிட்டு முன்னால் குதிக்க வேண்டும். லேசான எடையில் இரு பக்கமும் பத்துப் பத்து முறை, யோசிக்காமல் வரும் வரை.

பிறகு அடியில் நிற்கும் பழக்கம். காலி பாரோடு நிமிர்ந்து நின்று, இழுக்காமல் நேராக அடியில் நுழையும் டால் ஸ்னாட்ச் 4 செட் (சுற்று), செட்டுக்கு 3 ரெப். அதன்பின், பாரைத் தோளில் வைத்துத் தொடங்கி அடியில் நுழையும் ஸ்னாட்ச் பேலன்ஸ், அடியில் 3 நொடி நின்று எழ வேண்டும். அவளுடைய ஸ்னாட்ச் எடையைக் கொஞ்சங்கொஞ்சமாக எட்டி, அதைவிடச் சற்று கூடுதலான எடையையும் அடியில் நிறுத்தப் பழகியபின் ஸ்னாட்ச்சில் அவளுக்குப் புதிதாகப் பயப்பட அதிகம் மிச்சமிருக்காது. இதைப் பழகும் ஆறேழு வாரம் பவர் ஸ்னாட்ச்சைக் குறைத்துவிடுங்கள். அது உயரே இழுத்து நின்று பிடிக்கும் பழக்கத்தைத்தான் வளர்க்கும்.

ஒரே எடையில் இரண்டு முறை பின்வாங்கினால் மூன்றாவது முறை வேண்டாம். 10 சதவீதம் குறைத்து, இரண்டு நல்ல ஸ்னாட்ச்சோடு அன்றைக்கு முடித்துவிடுங்கள். தோள் இறுக்கமோ மணிக்கட்டு வலியோ இருக்கிறதா என்றும் கேளுங்கள். உடம்பில் உள்ள குறைக்கு மனம் பழி சுமப்பதும் உண்டு.

ஒரு வருடம் முன் டெட்லிஃப்டில் (பாரைத் தரையிலிருந்து தூக்கி நிமிர்ந்து நிற்பதில்) முதுகு பிடித்துக்கொண்டது. அப்போது 120 கிலோ தூக்குவேன். குணமாகிவிட்டது, தூக்கலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். 80-க்கு மேல் கை பாரைப் பிடிக்கவே மறுக்கிறது.

முதலில் பாரின் உயரத்தை அளந்து பாருங்கள். 45 செ.மீ. விட்டமுள்ள முழு அளவு பிளேட் மாட்டினால் பாரின் நடுப்பகுதி தரையிலிருந்து 22.5 செ.மீ. உயரத்தில் இருக்கும். சிறிய பிளேட்டுகளோடு தூக்கினால் பார் அதற்குக் கீழே போய்விடும், இன்னும் குனிய வேண்டிவரும், முதுகு வளையும். பழைய காயத்துக்கே அது காரணமாக இருந்திருக்கலாம்.

பயத்துக்கு 10-க்கு எத்தனை மதிப்பெண் என்று நீங்களே போடுங்கள். 3 வரும் இடத்தில் தொடங்க வேண்டும். பெரும்பாலும், பிளேட்டுக்கு அடியில் கட்டை வைத்து முட்டிக்குச் சற்றுக் கீழே பாரை உயர்த்தி, 60 கிலோவில் 3 செட், செட்டுக்கு 5 என்று அமையும். அடுத்தடுத்து இரண்டு நாள் பயிற்சியில் மதிப்பெண் 1-க்கு இறங்கினால் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்: 4 செ.மீ. உயரத்தைக் குறைக்கலாம், இல்லையேல் 5 கிலோ கூட்டலாம். இரண்டையும் ஒரே நாளில் செய்ய வேண்டாம். தரைக்கு வர இரண்டு மூன்று மாதம் ஆனால் ஆகட்டும்.

பாரைச் சட்டென்று பிடுங்காதீர்கள். கையை நீட்டி, பாரும் பிளேட்டும் ஒட்டும் ‘டிக்’ சத்தம் கேட்கும் வரை இழுத்து இறுக்கி, பிறகு தரையைக் காலால் தள்ளுங்கள். உச்ச எடைக்கு வரும்போது இன்னொன்றும் தேவைப்படும். பார் அசையாவிட்டால் ஒரு நொடியில் விட்டுவிடாமல், முதுகு நேராக இருக்கும் வரை மனசுக்குள் மூன்று எண்ணித் தள்ளுங்கள். கனமான டெட்லிஃப்ட் மேலே வர நான்கைந்து நொடிகூட ஆகலாம். பலருக்கு அந்த முதல் நொடிதான் தடை.

பயிற்சிக்குப் பிறகு லேசான பிடிப்பு வந்து 24 மணி நேரத்தில் போய்விட்டால் தொடரலாம். காலில் மரப்போ, கீழே இறங்கும் மின்னல் வலியோ வந்தால் பயிற்சியை நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள். தொடை இடுக்கைச் சுற்றி உணர்வு குறைந்தாலோ, சிறுநீர், மலம் கட்டுப்படாமல் போனாலோ அது அவசரம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பெஞ்ச் பிரஸ்ஸில் (பெஞ்சில் படுத்து பாரை நெஞ்சிலிருந்து மேலே தள்ளுவதில்) நண்பன் பாரில் விரல் வைத்தால்தான் 60 கிலோ போகிறது. விரலை எடுத்தால் போவதில்லை. ‘நான் தூக்கவே இல்லைடா, சும்மாதான் வச்சேன்’ என்கிறான்.

அந்த விரல் இரண்டு மூன்று கிலோவைச் சுமந்துகொண்டிருக்கலாம், அவருக்கே தெரியாமல். ஆகவே உங்கள் உண்மையான எடை இப்போது தெரியவில்லை. 55-இல் ஆரம்பித்து, யார் விரலும் படாமல் வாரம் ஒரு கிலோ ஏற்றுங்கள். நண்பரின் கை பாருக்கு அடியில், பத்து செ.மீ. தள்ளி இருக்கட்டும். பார் கீழே திரும்பினாலோ நீங்கள் ‘எடு’ என்றாலோ மட்டும் தொட வேண்டும். தொட்டால் அந்த ரெப் கணக்கில் இல்லை. கட்டைவிரல் பாரைச் சுற்றியே இருக்க வேண்டும். நண்பர் வராத நாளில் ரேக்குக்குள் பெஞ்சைப் போட்டு, பின்னை நெஞ்சுக்குச் சற்றுக் கீழேயும் கழுத்துக்கு மேலேயும் வரும்படி வையுங்கள். நெஞ்சைத் தட்டையாக்கினால் பார் பின்னில் அமர்ந்துவிடும்.

தூக்கும் முன் அம்மோனியா முகர்வது, முதுகில் அறையச் சொல்வது இதெல்லாம் உதவுமா?

டெட்லிஃப்ட் போன்ற நேரடி முரட்டு வேலைக்குக் கொஞ்சம் வெறியேற்றிக்கொள்வது சிலருக்கு உதவும். ஸ்னாட்ச், ஜெர்க் போன்றவற்றில் பெரும்பாலும் கெடுக்கும். ஒவ்வொரு செட்டுக்கும் அம்மோனியா முகர்ந்தால் அது இல்லாமல் தூக்க முடியாது என்ற புதிய தடை உருவாகும். தலையில் அடிபட்ட பிறகு முகரவே கூடாது, மூளை அதிர்ச்சியின் அறிகுறியை அது மறைத்துவிடும்.

அதற்குப் பதில் ஒரே மாதிரியான ஒரு நிமிடத்தைப் பழகுங்கள். போட்டியிலும் உங்களுக்குக் கிடைப்பது ஏறத்தாழ அவ்வளவுதான். கையில் சாக் பவுடர். நான்கு நொடி இழுத்து ஆறு நொடி விடும் மூச்சு இரண்டு. எதிரில் ஒரு புள்ளியில் பார்வை. மனசுக்குள் ஒரே ஒரு கட்டளை, ‘தரையைத் தள்ளு’ என்பதுபோல. பாரைப் பிடித்துவிட்டால் பத்து நொடிக்குள் தூக்கத் தொடங்கிவிட வேண்டும். அதைத் தாண்டினால் கையை எடுத்து, விலகி வந்து, முதலிலிருந்து ஆரம்பியுங்கள். மூச்சை அடக்கி வயிற்றை இறுக்கும்போது இரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். உயர் இரத்த அழுத்தமோ இதயக் கோளாறோ உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் உச்ச எடைக்குப் போக வேண்டாம். இந்த ஒரு நிமிடத்தைக் காலி பாருக்கும் அப்படியே கடைப்பிடியுங்கள். பெரிய எடைக்கென்று தனிச் சடங்கு வைத்திருந்தால், அந்தச் சடங்கு தொடங்கும்போதே பயமும் தொடங்கிவிடும்.