பொம்மைத் தலை கனக்கிறதா?

கேள்வி: கையில் மாட்டி ஆட்டும் பொம்மைக்குக் காகிதக்கூழில் தலை செய்தோம். அரைக் கிலோவைத் தாண்டிவிட்டது, சற்று நேரத்திலேயே கை கடுக்கிறது. தெர்மாகோல் தலையோ உடைந்துவிடுகிறது. எதில் செய்வது?

பதில்: காகிதத்திலேயே செய்யுங்கள், கூழாக்க மட்டும் வேண்டாம். கூழைத் தடிமனாக அப்ப வேண்டியிருக்கும். அரைபட்டு நார் சிறுத்துப்போவதால், கனத்துக்கு ஏற்ற பலமும் கிடைக்காது. தாளைத் துண்டு துண்டாக அடுக்கி ஒட்டினால் இரண்டு மில்லிமீட்டர் ஓடே தாங்கும்.

களிமண்ணில் தலையைப் பிடித்து, மேலே வாஸ்லின் தடவுங்கள். செய்தித்தாளைக் கத்தரிக்காமல் விரலகலத்துக்குக் கிழியுங்கள். கிழித்த ஓரம் மெலிந்திருப்பதால் மேடு தட்டாது. மரவேலைக்கான வெள்ளைப் பசை இரண்டு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு. ஓர் அடுக்கு செய்தித்தாள், அடுத்தது பழுப்புத்தாள் என்று மாற்றி ஒட்டினால் விட்டுப்போன இடம் பளிச்சென்று தெரியும். ஐந்து அடுக்கு போதும். இரண்டு அடுக்குக்கு ஒருமுறை முழுக்கக் காயவிடுங்கள். இதில் அவசரமே கூடாது. உள்ளே ஈரம் தங்கினால் தலை கோணிக்கொள்ளும், பூஞ்சையும் பிடிக்கும். கடைசியில் மெல்லிய பருத்தித் துணி ஓர் அடுக்கு. கீழே விழுந்தாலும் ஓடு விரியாமல் காப்பது அதுதான்.

காய்ந்ததும் காதோரமாகச் சுற்றி அறுத்து, களிமண்ணை எடுத்துவிட்டு, இரு பாதிகளையும் துணிப்பட்டையால் ஒட்டுங்கள். அதற்கு முன் கழுத்தைக் கவனியுங்கள், பெரும்பாலும் முறிவது அங்கேதான். கழுத்துக்கான அட்டைக்குழாயைத் தாடையோடு நிறுத்தாமல் உச்சந்தலை உட்புறம் வரை ஏற்றி, இரண்டு இடத்திலும் ஒட்டுங்கள். குழாயின் அடியில் கயிறு சுற்றி விளிம்பு கட்டினால் உடை நழுவாது.

தெர்மாகோலும் உதவும், ஆனால் மேலே மூன்று அடுக்குத் தாள் வேண்டும். ரப்பர் பசையோ ஸ்ப்ரே பெயிண்டோ நேரடியாகப் பட்டால் தெர்மாகோல் கரைந்துவிடும்.

கேள்வி: நூல் பொம்மையை முடிந்தவரை இலேசாகச் செய்தோம். நடக்கவைத்தால் கால் தரையில் பதியாமல் மிதக்கிறது. ஏன்?

பதில்: எல்லா இடமும் இலேசாக இருப்பதுதான் கோளாறு. நூல் மேலே இழுக்கத்தான் செய்யும், காலைக் கீழே இறக்குவது அதன் எடை மட்டுமே. தலையும் மார்பும் கூடாக இருக்கட்டும். இடுப்பைக் கட்டை மரத்தில் செய்து, பாதங்களுக்குள் இரும்பு வாஷர்களைப் பதியுங்கள். ஈயம் வேண்டாம், நஞ்சு. முழங்காலின் பின்பக்கம் தோல்பட்டையால் இணைத்து, முன்பக்க விளிம்புகள் முட்டி நிற்கும்படி விட்டால் கால் பின்னோக்கி மட்டும் மடங்கும். நூலில் தொங்கவிட்டுக் காலை மடக்கி விடுங்கள். உடனே நேராகத் தொங்காவிட்டால் இன்னொரு வாஷர் சேர்க்க வேண்டும், அல்லது பட்டை விறைப்பாக இருக்கிறது என்று அர்த்தம்.