குடி ஆசை வரும் அந்த அரை மணி நேரம்: வாசகர் கேள்வி – பதில்

மதுவையும் புகையிலையையும் விட்டவர்கள், விட முயல்பவர்கள், அவர்களின் வீட்டார் அனுப்பிய கடிதங்களுக்கு ஒரு மனநல மருத்துவரும் போதை மீட்பு ஆலோசகரும் சேர்ந்து பதில் தருகிறார்கள்.

பனியன் கம்பெனியில் வேலை. குடியை விட்டு ஆறு வாரம் ஆகிறது. மற்ற நாள் சமாளித்துவிடுகிறேன். சனிக்கிழமை சம்பளம் கைக்கு வந்ததும் வாய் ஊறுகிறது, கை பரபரக்கிறது. ‘மனசை அடக்கு’ என்கிறார்கள். எப்படி அடக்குவது?
– வாசகர், திருப்பூர்

மனசோடு மல்லுக்கு நிற்காதீர்கள். ‘குடிக்கக் கூடாது, குடிக்கக் கூடாது’ என்று சொல்லிக்கொண்டே இருந்தால் நினைப்பு முழுக்கக் குடியையே சுற்றும். உங்கள் கடிதத்திலேயே பாதி விடை இருக்கிறது. ஆசை எப்போது வரும் என்று உங்களுக்குத் தெரியும்: சனிக்கிழமை, சாயங்காலம், சம்பளம். வருடக்கணக்காக இந்த மூன்றும் கூடிய நேரத்தில் குடித்ததால், அவை கூடியதுமே மூளை சரக்கை எதிர்பார்த்து உடம்பைத் தயார் செய்கிறது. வாய் ஊறுவது அதனால்தான். மன உறுதி குறைந்துவிட்டது என்று நினைத்து உங்களையே நொந்துகொள்ள வேண்டாம்.

இந்த வேகம் பெரும்பாலும் கால் மணியிலிருந்து அரை மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போய்த் தானாக இறங்கிவிடும். குடித்தால்தான் அடங்கும் என்று தோன்றுவதற்குக் காரணம், அது இறங்கும்வரை இதுவரை விட்டுப் பார்க்காததுதான்.

சனிக்கிழமை ஐந்து மணி வாக்கில், ஷிப்ட் முடியும் முன்பே, வயிறு நிறையச் சாப்பிடுங்கள். இரண்டு அவித்த முட்டை, ஒரு பிடி வேர்க்கடலை, வாழைப்பழம் போதும். பசி, கோபம், தனிமை, களைப்பு நான்கும் ஆசையைப் பெருக்கும். இவற்றில் பசியைத் தீர்ப்பதுதான் சுலபம். சம்பளத்தை மனைவியின் அக்கவுண்டில் போடச் சொல்லுங்கள். ரொக்கமாகத்தான் தருவார்கள் என்றால் வீட்டில் ஒருவர் கம்பெனி வாசலுக்கே வந்து வாங்கிக்கொள்ளட்டும். டாஸ்மாக் இரவு பத்து மணிக்கு மூடும். ஆறிலிருந்து பத்து வரை எங்கே, யாரோடு இருக்கப்போகிறீர்கள் என்பதைக் காலையிலேயே எழுதி வையுங்கள். கடை இல்லாத தெரு வழியாக வீட்டுக்குப் போங்கள், சுற்றாக இருந்தாலும் சரி.

அதையும் மீறி ஆசை வந்தால் கடிகாரத்தைப் பாருங்கள். ஓர் இடத்தில் உட்கார்ந்து, அது உடம்பில் எங்கே தெரிகிறது என்று கவனியுங்கள். தொண்டையிலா, நெஞ்சிலா, விரலிலா? பத்துக்கு எத்தனை என்று ஒரு எண் போடுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மறுபடி போடுங்கள். 7, 8, 8, 6, 4 என்று அது இறங்குவதை உங்கள் கையெழுத்திலேயே பார்ப்பது, பிறர் சொல்லும் எந்த ஆறுதலையும்விடப் பலமானது. குடிக்காத ஒருவரிடம் முன்கூட்டியே பேசி வைத்திருந்து, அந்த நேரத்தில் போன் போடுங்கள். “மாமா, ஆசை வந்திருக்கு. அரை மணி நேரம் பேசிக்கிட்டு இருங்க” என்றால் போதும், வேறு விளக்கம் தேவையில்லை.

பலர் வழுக்குவது ‘கம்பெனிக்கு உட்கார்ந்து சோடா மட்டும் குடிக்கிறேன்’ என்பதில். முதல் ஆறு மாதம் அந்த மேசையே வேண்டாம். ஒரு மணி நேரம் போராடிவிட்டுக் கடைசியில் குடிப்பதும் கெடுதல். கொஞ்சம் பொறுத்தால் கிடைக்கும் என்று மூளை கற்றுக்கொள்வதால், அடுத்த முறை ஆசை இன்னும் அதிக நேரம் பிடிவாதம் பிடிக்கும்.

ஒவ்வொரு கார்த்திகையும் மாலை போட்டு ஒரு மண்டலம் தொடாமல் இருக்கிறேன். மாலை கழற்றிய அன்றே பழைய கதைதான். ஏன் இப்படி?
– வாசகர், ஈரோடு

விரத நாட்களில் விடிகாலைக் குளியல், இரண்டு வேளையும் பூஜை, சாயங்காலம் பஜனை, நேரத்துக்குச் சாப்பாடு எல்லாம் இருக்கின்றன. ‘சாமி’ என்று கூப்பிடுகிறவர்கள் யாரும் உங்களைக் கடைக்கு அழைப்பதில்லை. ஆசையைச் சமாளிக்கத் தேவையான எல்லாமே இதில் அடங்கிவிடுகிறது. மாலை கழற்றிய அன்று இவை மொத்தமும் ஒரே நாளில் போய்விடுகின்றன. கழற்றிய பிறகும் அந்தச் சாயங்கால நேரத்தையும் அந்த ஆட்களையும் விடாதீர்கள். கோயிலோ, குடியை விட்டவர்கள் கூடிப் பேசும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டமோ, ஷட்டில் ஆட்டமோ எதுவாகவும் இருக்கட்டும். ஒரு மண்டலம் குடிக்காத உடம்புக்குப் பழைய அளவு தாங்காது என்பதையும் மறக்க வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. தினமும் நிறையக் குடிப்பவர், காலையில் கை நடுக்கம் தீரக் குடிப்பவர், மாலை போடும் நாளில் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. கடைசியாகக் குடித்த 6 மணி நேரத்திலிருந்து நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். 48 மணி நேரத்துக்குள் ஃபிட்ஸ் வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் ஆள் தெரியாமல் பேசுவது, இல்லாத பூச்சி ஊர்வதுபோலத் தெரிவது என்று போகலாம். இதில் உயிரே போகலாம். அவர்கள் ஒரு வாரம் முன்பே டாக்டரைப் பார்த்து, மாத்திரையும் தயமின் (வைட்டமின் பி1) ஊசியும் போட்டுக்கொண்டு நிறுத்த வேண்டும்.

என் வீட்டுக்காரருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலந்து கொடுக்க ஒரு மாத்திரை சொன்னார்கள். கொடுக்கலாமா?
– வாசகி, கும்பகோணம்

வேண்டாம் அம்மா, தயவுசெய்து வேண்டாம். அது டைசல்ஃபிராமாக இருக்கலாம். அந்த மாத்திரை உள்ளே இருக்கும்போது குடித்தால் அசிட்டால்டிஹைடு என்ற நச்சு உடம்பில் தேங்கும். முகம் சிவந்து, வாந்தி எடுத்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் சரியும். இதய நோய் இருப்பவர் இறந்தும் போகலாம். மாத்திரையை நிறுத்தி 14 நாள் வரைகூட இப்படி ஆகலாம். தெரிந்து சாப்பிடுகிறவர் பயந்து குடிக்காமல் இருப்பார், அதுதான் அந்த மருந்தின் வேலையே. தெரியாமல் சாப்பிட்டவர் வழக்கம்போல ஒரு குவார்ட்டர் குடித்துவிடுவார். விளம்பரத்தில் வரும் ‘குடி மறக்கும் பொடி’களில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிய வழியே இல்லை.

அவர் சம்மதித்தால் வேறு வழிகள் உண்டு. நால்ட்ரெக்ஸோன் 50 மில்லிகிராம் தினம் ஒன்று. குடிப்பதில் கிடைக்கும் சுகத்தையும் ஆசையையும் குறைக்கும். டிராமடால் போன்ற வலி மாத்திரை சாப்பிடுகிறவருக்கு ஆகாது, கல்லீரல் பரிசோதனையும் தேவை. கல்லீரல் சரியில்லாதவருக்கு அக்காம்ப்ரோசேட் தரலாம், ஆனால் சிறுநீரகம் நன்றாக இருக்க வேண்டும். எது பொருந்தும் என்பதை டாக்டர்தான் முடிவு செய்வார். அவர் வர மறுத்தாலும் நீங்கள் மட்டுமாவது போதை மீட்புக்கான 14446 என்ற இலவச உதவி எண்ணில் பேசுங்கள்.

சிகரெட்டை விட நிக்கோட்டின் சூயிங்கம் வாங்கினேன். விக்கலும் வயிற்றெரிச்சலும்தான் மிச்சம்.
– வாசகர், தூத்துக்குடி

பபிள்கம் மாதிரி மென்றிருக்கிறீர்கள். நிக்கோட்டின் வாயின் உள்தோல் வழியாக ஏற வேண்டும். எச்சிலோடு விழுங்கினால் வயிறுதான் எரியும். மெதுவாக மென்று, மிளகு கடித்ததுபோல் சுருக்கென்றதும் நிறுத்திக் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்குங்கள். சுருக்கு அடங்கியதும் மறுபடி மென்று வேறு பக்கம் ஒதுக்குங்கள். ஒரு சூயிங்கம் அரை மணி நேரம் வரும். காபி, கூல் டிரிங்க்ஸ் குடித்த கால் மணி நேரத்துக்குள் போட்டால் பலன் இருக்காது. எழுந்த அரை மணிக்குள் முதல் சிகரெட் பிடிக்கும் பழக்கம் இருந்தால் 2 மில்லிகிராம் போதாது. 4 மில்லிகிராம் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். புகையிலையை விடுவதற்கென்றே 1800-11-2356 என்ற இலவச உதவி எண் இருக்கிறது.

எட்டு மாதம் கழித்து ஒரு கல்யாண வீட்டில் குடித்துவிட்டேன். எல்லாம் போச்சா?
– வாசகர், மதுரை

போகவில்லை. ஆனால் ‘எல்லாம் போச்சு’ என்ற அந்த நினைப்புதான் இரண்டாவது பாட்டிலை வாங்க வைக்கும். மிச்சம் இருந்தால் இன்றே கொட்டிவிடுங்கள். 24 மணி நேரத்துக்குள் வீட்டில் ஒருவரிடமும் உங்கள் டாக்டரிடமும் சொல்லுங்கள். மறைத்தால் அடுத்த நாளும் மறைக்க வேண்டிவரும். பிறகு ஒரு தாளில், குடிப்பதற்கு முந்தைய ஆறு மணி நேரத்தை எழுதுங்கள்: எப்போது சாப்பிட்டீர்கள், முந்தின ராத்திரி தூங்கினீர்களா, யார் பக்கத்தில் உட்கார்ந்தார்கள், முதலில் கேட்டபோது என்ன பதில் சொன்னீர்கள். ‘இப்ப வேணாம்’ என்று சொல்லியிருந்தால் அது மறுப்பாகாது. அப்புறம் கேள் என்றுதான் அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். அடுத்த விசேஷத்துக்கு ‘மாத்திரை சாப்பிடுறேன், தொடக்கூடாது’ என்று ஒரே மூச்சில் சொல்லப் பழகுங்கள். முகூர்த்தம் முடிந்து சாப்பிட்டதும் கிளம்ப, திரும்பும் பஸ்ஸை முன்பே பார்த்து வையுங்கள்.