மூழ்கிய கப்பலின் வெள்ளி யாருக்கு? கேள்வியும் பதிலும்

கப்பல் வழக்குகள்தாம் என் பிழைப்பு. நாள்தோறும் பார்ப்பது நனைந்துபோன சர்க்கரை மூட்டை, துறைமுகக் கட்டண பாக்கி, சம்பளம் வராத மாலுமிகள் என்ற வகைதான். புதையல் என்று தலைப்பு வைத்ததும் கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே பொருளில் வந்தவற்றை ஒன்றாக்கிப் பதில் சொல்கிறேன்.

கேள்வி (மதுரை): ஐயா, ஒருவர் தன் கைப்பணத்தைப் போட்டுத் தேடி ஒரு பழைய கப்பலைக் கண்டுபிடிக்கிறார். அதில் உள்ள தங்கம் அவருக்குத்தானே சொந்தம்?

பதில்: பெரும்பாலும் இல்லை. கப்பல் மூழ்கியதால் உடைமை உரிமை மூழ்கிவிடுவதில்லை. ஆட்டோவில் நீங்கள் விட்டுச்சென்ற பையை ஓட்டுநர் வீடு தேடிக் கொண்டுவந்து கொடுத்தால் அவருக்கு அன்பளிப்பு கொடுப்பீர்கள். பையையே கொடுத்துவிட மாட்டீர்கள். கடல் மீட்புச் சட்டத்தின் அடிப்படை அதுதான். உயிரைப் பணயம் வைத்து மீட்டவருக்கு நீதிமன்றம் கூலி நிர்ணயிக்கும், அதுவும் தாராளமாக. உரிமையாளர் பொருளைக் கைவிட்டுவிட்டார் என்று தெளிவாக நிரூபித்தால் மட்டுமே கண்டெடுத்தவருக்கு முழு உரிமை. அந்த நிரூபணம் எளிதல்ல.

சென்ட்ரல் அமெரிக்கா என்ற நீராவிக் கப்பலைப் பாருங்கள். கலிஃபோர்னியத் தங்கத்தோடு நியூயார்க் நோக்கி வந்தபோது 1857 செப்டம்பரில் புயலில் மூழ்கியது. இறந்தவர்கள் 400 பேருக்கு மேல். டாமி தாம்ப்சன் என்ற பொறியாளரின் குழு 1988இல் அதைக் கண்டுபிடித்தது. தங்கம் மேலே வந்ததும், அன்றைக்கே இழப்பீடு கொடுத்திருந்த காப்பீட்டு நிறுவனங்கள் வரிசையில் வந்து நின்றன. பழைய ஆவணங்கள்கூட உங்களிடம் இல்லையே, கைவிட்டுவிட்டீர்கள் என்றுதானே பொருள் என்று கீழ் நீதிமன்றம் கேட்டது. மேல்முறையீட்டில் அது எடுபடவில்லை. காகிதம் தொலைந்ததால் உரிமையைக் கைவிட்டதாகாது என்று சொல்லிவிட்டார்கள். கடைசியில் மீட்புக் கூலியாகவே குழுவுக்கு 90 விழுக்காடு கிடைத்தது. ஆகவே உரிமை இல்லையென்றாலும் கூலியில் குறைவில்லை.

கேள்வி (அதே நண்பர்): அப்படியானால் அந்தத் தாம்ப்சன் பெரும் பணக்காரர் ஆகியிருப்பாரே?

பதில்: அவர் சிறைக்குப் போனார். பணம் போட்ட முதலீட்டாளர்கள் தங்கள் பங்கு வரவில்லை என்று வழக்குப் போட்டார்கள். 2012இல் தலைமறைவானார், 2015இல் ஃபுளோரிடாவில் பிடிபட்டார். 500 தங்கக் காசுகள் எங்கே என்ற கேள்விக்குப் பதில் சொல்ல மறுத்ததால், நீதிமன்ற அவமதிப்புக்காக மட்டும் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் உள்ளே இருந்தார்.

கேள்வி (திருச்சி, சட்டக் கல்லூரி மாணவர்): சார், கப்பல் நடுக்கடலில் ஆழத்தில் கிடக்கிறது. எந்த நீதிமன்றத்துக்கு அதன்மேல் அதிகாரம்?

பதில்: நல்ல கேள்வி, தம்பி. கடல்சார் வழக்கில் எதிர்வாதி ஆளாக இருக்க வேண்டியதில்லை, கப்பலே எதிர்வாதியாகலாம். துறைமுகத்தில் நிற்கும் கப்பலைக் கைது செய்வதைப் பார்த்திருப்பீர்கள். கடலடியில் கிடப்பதைக் கைது செய்ய, அதிலிருந்து ஒரு துண்டை நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்தால் போதும் என்று அமெரிக்க நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்டன. டைட்டானிக் வழக்கில் வர்ஜீனியாவின் நார்ஃபோக் நீதிமன்றத்துக்கு வந்தது ஒரு ஒயின் குடுவை. அந்த ஒரு கண்ணாடிக் குடுவையை வைத்து 1993இல் மொத்தக் கப்பலையும் சட்டப்படி கைது செய்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த சட்டக் கற்பனை இது.

கேள்வி (கோயம்புத்தூர்): ஸ்பெயின் நாடு அமெரிக்க நிறுவனத்திடமிருந்து விமானம் விமானமாக வெள்ளிக் காசுகளை வாங்கிச் சென்றதாகப் படித்தேன். என்ன நடந்தது?

பதில்: மெர்சிடஸ் வழக்கு. இந்தத் துறையில் ஒரே ஒரு வழக்கைப் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

தென்னமெரிக்காவிலிருந்து வெள்ளியோடு திரும்பிய ஸ்பானியப் போர்க்கப்பல் அது. 1804 அக்டோபர் 5 அன்று போர்ச்சுகல் கரைக்கு அப்பால் பிரிட்டிஷ் கப்பல்கள் மறித்துச் சுட்டதில் வெடித்துச் சிதறியது. உடன் வந்த மெடியா கப்பலில் இருந்த தியேகோ தெ ஆல்வெயர் என்ற அதிகாரி, மெர்சிடஸில் பயணம் செய்த தன் மனைவியும் பிள்ளைகள் ஏழு பேரும் சாவதைக் கண்ணெதிரே பார்த்தார். அவரோடு மெடியாவில் இருந்த ஒரு மகன் மட்டும் தப்பினான். பிற்காலத்தில் அர்ஜென்டினாவின் தலைவராக உயர்ந்த கார்லோஸ் தெ ஆல்வெயர் அவன்தான்.

2007இல் ஃபுளோரிடாவின் ஒடிஸி நிறுவனம் ஏறத்தாழ 5,94,000 காசுகளை, 17 டன் எடை, அள்ளியெடுத்து ஜிப்ரால்டர் வழியாக அமெரிக்காவுக்கு அனுப்பியது. கப்பலின் பெயரைச் சொல்லவில்லை. 'கருப்பு அன்னம்' என்று ஒரு குறிப்புப் பெயர் மட்டும். இந்த ஒளிவுமறைவே எனக்கு உறுத்துகிறது. யாருடையது என்று தெரியாத பொருள் என்றால் மூடி மறைக்க என்ன தேவை?

கப்பல் போர்க்கப்பலாக இருந்தாலும் சரக்கில் பெரும்பகுதி தனியார் வணிகர்களுடையது, ஆகவே அது வணிகப் பயணம்தான் என்பது ஒடிஸியின் வாதம். நீதிமன்றம் ஏற்கவில்லை. இன்னொரு நாட்டின் போர்க்கப்பலை அமெரிக்க நீதிமன்றம் கைது செய்ய முடியாது, கப்பலையும் சரக்கையும் பிரித்துப் பார்க்கவும் முடியாது என்றது. 2011இல் மேல்முறையீடும் தோற்றது. 2012 பிப்ரவரியில் இரண்டு ஹெர்குலிஸ் ராணுவ விமானங்கள் வந்து காசுகளை ஏற்றிச் சென்றன. மீட்புக் கூலி என்று ஒரு காசுகூட நிறுவனத்துக்கு இல்லை.

கேள்வி (சிங்கப்பூர்): அந்த வெள்ளி பெரு நாட்டு மண்ணிலிருந்து போனதுதானே? பெரு கேட்கவில்லையா?

பதில்: கேட்டது. காசுகள் லிமாவில் அச்சடிக்கப்பட்டவை என்றது. ஆனால் 1804இல் பெரு தனி நாடு இல்லை. விடுதலைப் பிரகடனம் 1821இல்தான். ஸ்பெயினுக்கும் பெருவுக்கும் இடையிலான கணக்கைத் தீர்ப்பது எங்கள் வேலை அல்ல என்று அமெரிக்க நீதிமன்றம் ஒதுங்கிக்கொண்டது. சட்டப்படி அது சரி. நியாயப்படி சரியா என்று கேட்டால், சுரங்கத்தில் வேலை செய்தவனுக்கு வழக்காடும் தகுதியே கிடைக்காத சட்டம் இது என்றுதான் சொல்வேன்.

அந்தக் குரல் ஓங்கி ஒலிப்பது கொலம்பிய வழக்கில். 1708இல் கொலம்பியாவின் கார்தகேனாவுக்கு அருகே மூழ்கிய சான் ஹோசே கப்பலை 2015இல் கண்டுபிடித்ததாகக் கொலம்பியா அறிவித்தது. தங்கள் கடல் எல்லைக்குள் இருப்பதால் தங்களுடையது என்கிறது அந்த அரசு. தன் போர்க்கப்பல் என்கிறது ஸ்பெயின். 1980களின் தொடக்கத்திலேயே இடத்தைக் காட்டிக் கொடுத்தது நாங்கள் என்று ஓர் அமெரிக்க நிறுவனம் 1,000 கோடி டாலர் கேட்டு நடுவர் மன்றத்துக்குப் போனது. பொலிவியாவின் காரா காரா பழங்குடியினரோ, பொடோசி மலையில் வெள்ளி வெட்டியவர்கள் எங்கள் முன்னோர்கள் என்கிறார்கள். 2025 நவம்பரில் ஒரு பீரங்கியும் ஒரு பீங்கான் கோப்பையும் மூன்று காசுகளும் மேலே வந்தன. வழக்குத் தொகையோடு ஒப்பிட்டால் சிரிப்புத்தான் வரும்.

கேள்வி (மும்பை): என் தாத்தா தலைமுறையினர் 'திலாவா' கப்பலைப் பற்றிப் பேசுவார்கள். அதன் வெள்ளிக்கு லண்டனில் வழக்கு நடந்ததாமே?

பதில்: ஆம். பம்பாயிலிருந்து ஆப்பிரிக்காவுக்குப் புறப்பட்ட பயணிகள் கப்பல். 1942 நவம்பர் 23 அன்று ஜப்பானிய நீர்மூழ்கியின் தாக்குதலில் மூழ்கியது. கப்பலில் இருந்த 958 பேரில் 280 பேர் இறந்தார்கள்; பயணிகளில் பெரும்பாலோர் இந்தியர்கள். அதே கப்பலில், நாணயம் அச்சடிக்க தென்னாப்பிரிக்க அரசு வாங்கிய 2,364 வெள்ளிக் கட்டிகளும் இருந்தன. 2017இல் ஆர்ஜென்டம் என்ற நிறுவனம் இரண்டரை கிலோமீட்டர் ஆழத்திலிருந்து அவற்றை எடுத்து சவுத்தாம்ப்டனுக்குக் கொண்டுபோனது.

இங்கே சண்டை மீட்புக் கூலியைப் பற்றியது. தென்னாப்பிரிக்கா, நாங்கள் இறையாண்மை உள்ள அரசு, எங்கள் உடைமைமீது வழக்குப் போட முடியாது என்றது. வணிகக் கப்பலில் கட்டணம் கொடுத்து அனுப்பிய சரக்கு வணிகப் பயன்பாட்டில் உள்ளதே என்று கீழ் நீதிமன்றங்கள் இரண்டும் நிறுவனத்தின் பக்கம் நின்றன. 2024 மே மாதம் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் அதைப் புரட்டிப்போட்டது. கப்பல் வணிகப் பயன்பாட்டில் இருந்தது உண்மை, அறைக்குள் சும்மா கிடந்த வெள்ளி எந்தப் பயன்பாட்டிலும் இல்லை என்றது.

மெர்சிடஸில் சரக்கைக் கப்பலோடு ஒட்டிவைத்தார்கள், திலாவாவில் பிரித்தார்கள். இரண்டு வழியிலும் வென்றது அரசுதான் என்பதைக் கவனியுங்கள். இன்னொன்று: இத்தனை பக்கத் தீர்ப்பிலும் அந்த 280 பேர் பின்னணித் தகவல் மட்டுமே.

கேள்வி (சேலம்): அரசோடு முன்கூட்டியே பேசிவிட்டால் பிரச்சினை இருக்காதா?

பதில்: இருக்காது. கெயர்சோப்பா அதற்குச் சான்று. நம் ஜோக் அருவியின் மறுபெயரைத் தாங்கிய கப்பல் அது. கல்கத்தாவிலிருந்து வெள்ளியோடு போய் 1941 பிப்ரவரியில் அயர்லாந்துக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது. போர்க்கால இழப்பீடு கொடுத்த வகையில் வெள்ளி பிரிட்டன் அரசுக்குச் சொந்தம். அதே ஒடிஸி நிறுவனம் இம்முறை ஒப்பந்தம் போட்டது: 80 விழுக்காடு நிறுவனத்துக்கு, மீதி அரசுக்கு. 2012, 2013 ஆகிய ஆண்டுகளில் ஏறத்தாழ 110 டன் எடுத்தார்கள். நீதிமன்றச் சண்டை இல்லை.

கேள்வி (குளச்சல்): வலையில் பழைய காசோ பீங்கானோ வந்தால் என்ன செய்ய வேண்டும்? 2025இல் கேரளக் கடலில் மூழ்கிய எல்சா சரக்குக் கப்பலின் பொருள்கள் கரை ஒதுங்கியபோது தொடாதீர்கள் என்றார்களே?

பதில்: அதிகாரிகள் சொன்னது சரி. கரை ஒதுங்கிய மூட்டைக்கும் உரிமையாளரோ காப்பீட்டு நிறுவனமோ இருக்கிறார்கள், சுங்கமும் இருக்கிறது. நச்சுப் பொருளாக இருந்தால் உடம்புக்கும் கேடு. வணிகக் கப்பல் சட்டப்படி, சிதைவுப் பொருளைக் கண்டெடுத்தவர் அதற்கென அரசு நியமித்த அலுவலரிடம் தெரிவிக்க வேண்டும். 1958ஆம் ஆண்டுச் சட்டம் உரிமையாளர் வந்து கேட்க ஓராண்டு அவகாசம் கொடுத்தது. யாரும் வராவிட்டால் பொருள் அரசுக்கு, மீட்டவருக்குக் கூலி. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2025இல் நாடாளுமன்றம் புதிய சட்டம் நிறைவேற்றியிருக்கிறது. பிரிவு எண்களை யார் சொன்னாலும் புதியதைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். நூறாண்டு தாண்டிய பொருள் என்றால் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டமும் வரும். ஊர் வியாபாரியிடம் விற்றுவிட்டுப் பிறகு மாட்டிக்கொள்ளாதீர்கள். எடுத்த இடம், நேரம், படம் ஆகியவற்றோடு மீன்வளத்துறை அலுவலகத்திலோ கடலோரக் காவல் நிலையத்திலோ எழுத்தில் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கூலி கேட்கும்போது அந்தச் சீட்டுத்தான் பேசும்.

கேள்வி (சென்னை): இணைய ஏலத்தில் 'கப்பல் காசு' வருகிறது. வாங்கலாமா?

பதில்: எந்தக் கப்பல், எந்த நீதிமன்ற ஆணை அல்லது எந்த ஒப்பந்தம் என்று முதலில் கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் விட்டுவிடுங்கள். மெர்சிடஸ் காசு என்று யாராவது சொன்னால் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். மீட்டவை ஸ்பெயினின் கார்தகேனா அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கெயர்சோப்பா வெள்ளியை உருக்கி பிரிட்டன் அரச நாணயச் சாலையே நாணயம் வெளியிட்டது. ஆசையை அடக்க முடியவில்லை என்றால், அதை வாங்குவதில் வில்லங்கம் இல்லை.