நுகர்வோர் கேள்வி–பதில்: மலைநடையில் நாட்குறிப்பு எழுத எதை வாங்குவது?

மலைநடையின்போது நாட்குறிப்பு எழுதி இணையத்தில் ஏற்றுவது பற்றி வந்த கடிதங்களை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். நீளமானவற்றைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: முதல்முறையாகப் பத்து நாள் மலைநடை போகிறேன். இரவில் கூடாரத்தில் உட்கார்ந்து எழுதி, சிக்னல் கிடைக்கும் இடத்தில் வலைப்பதிவில் ஏற்றுவது திட்டம். இதற்கென்று சின்ன மடிக்கணினி வாங்கவா, டேப்லெட் வாங்கவா?

பதில்: இரண்டும் வேண்டாம். கையில் இருக்கும் கைப்பேசியும், மடக்கி வைக்கக்கூடிய புளூடூத் கீபோர்டும் போதும். கைப்பேசி ஏறக்குறைய 200 கிராம். டேப்லெட் அரைக் கிலோ. லேசானது என்று விற்கப்படும் மடிக்கணினியே பெரும்பாலும் ஒரு கிலோவைத் தாண்டும். தோளில் ஏறும் எடையை விட்டாலும் மின்சாரக் கணக்கை விட முடியாது. பேட்டரியில் எவ்வளவு மின்சாரம் அடங்கும் என்பதை வாட்-மணியில் சொல்வார்கள். கைப்பேசியின் பேட்டரி 15 முதல் 20 வாட்-மணி வரை. டேப்லெட்டுக்கு 30 வாட்-மணி, மடிக்கணினிக்கு 50 வாட்-மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியை ஒன்றரை முறைக்கு மேல் நிரப்பும் பவர் பேங்க், மடிக்கணினியைப் பாதிதான் நிரப்பும்.

கீபோர்டு ஏன் என்றால், தொடுதிரை தண்ணீர்த் துளியையும் விரலாக எடுத்துக்கொள்ளும். மழை ஈரத்திலும் கையுறையோடும் திரையில் நான்கு வரி அடிப்பதற்குள் எழுதும் ஆசையே போய்விடும். கூடாரத்தில் மேசை இருக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். விரித்ததும் கீல் இறுகி நிற்கும் கீபோர்டாகப் பாருங்கள். கடையிலேயே மடியில் வைத்து அடித்துப் பாருங்கள். நடுவில் வளைந்தால் வாங்காதீர்கள்.

கருவியைவிட முக்கியமானது நீங்கள் எழுதப்போகும் செயலி. கிளம்புவதற்கு முன் ஃபிளைட் மோடில் போட்டு ஒரு பத்தி எழுதுங்கள். செயலியை மூடுங்கள், கைப்பேசியை அணைத்து மறுபடி போடுங்கள். அந்தப் பத்தி அப்படியே இருந்தால் அந்தச் செயலியை நம்பலாம். இணையம் இல்லாமல் திறக்கவே மறுக்கும் செயலி மலைக்கு ஆகாது. நடக்கும்போதும் ஃபிளைட் மோடிலேயே வையுங்கள். சிக்னல் மங்கிய இடத்தில் கோபுரத்தைத் தேடித் தேடியே கைப்பேசி பேட்டரியைக் காலி செய்துவிடும். பெரும்பாலான கைப்பேசிகளில் ஃபிளைட் மோடிலும் ஜிபிஎஸ் வேலை செய்யும், ஆகவே வழி தெரியாமல் போகாது.

சிக்னல் கிடைத்ததும் முதலில் எழுத்தை ஏற்றுங்கள், படங்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஆயிரம் சொல் தமிழ்க் கட்டுரை சுமார் 30 கிலோபைட்தான். ஒரே ஒரு புகைப்படம் அதைப்போல் நூறு மடங்கு இருக்கும்.

கேள்வி: ஸ்மார்ட் வாட்ச்சிலேயே நாட்குறிப்பு எழுதலாம் என்று விளம்பரம் பார்த்தேன். வாங்கலாமா?

பதில்: வேண்டாம்.

கேள்வி: மேலே சூரியத் தகடு பதித்த 20,000 எம்ஏஹெச் பவர் பேங்க் ஒன்று பார்த்திருக்கிறேன். பையின் மேல் கட்டிக்கொண்டு நடந்தால் தானாகவே சார்ஜ் ஆகும் என்கிறார் விற்பனையாளர். இதே மாதிரி 50,000 எம்ஏஹெச் என்று போட்டதும் இருக்கிறது. எது நல்லது?

பதில்: இரண்டையும் விட்டுவிடுங்கள். ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த ஒரு பொருளில் ஏமாறுபவர்கள் அளவுக்கு வேறு எதிலும் நான் பார்த்ததில்லை.

எம்ஏஹெச் (மில்லி ஆம்பியர்-மணி) என்ற எண் மட்டும் தெரிந்தால் எவ்வளவு மின்சாரம் என்று தெரியாது. எத்தனை வோல்ட்டில் என்பதும் தெரிய வேண்டும். படி எவ்வளவு பெரியது என்று சொல்லாமல் பத்துப் படி அளந்து போட்டேன் என்பதைப் போன்றதுதான் இது. பவர் பேங்க்கின் உள்ளே இருக்கும் பேட்டரி 3.7 வோல்ட், உங்கள் கைப்பேசிக்கு அது தருவதோ 5 வோல்ட் அல்லது அதற்கு மேல். 20,000 எம்ஏஹெச்சை 3.7 வோல்ட்டால் பெருக்கினால் 74 வாட்-மணி வருகிறது. அதையே 5 வோல்ட்டில் கணக்கிட்டால் 14,800 எம்ஏஹெச்தான். வோல்ட்டை மாற்றும்போது வெப்பமாகப் போவதையும் கழித்தால் 12,000 அல்லது 13,000 மிஞ்சும். ஓரளவு நாணயமான தயாரிப்பாளர்கள் இந்தக் குறைந்த எண்ணையும் பின்பக்கம் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். முன்பக்கம் பெரிதாக மின்னுவது முதல் எண். பொய் சொல்லவில்லை என்று அவர்கள் வாதிடலாம். வாங்குபவருக்கு எந்த எண் தேவை என்று தெரிந்தே அதைப் பொடி எழுத்தில் ஒளித்துவைப்பதை நான் நேர்மை என்று ஏற்க மாட்டேன்.

அதனால் வாட்-மணி அச்சிடாத பவர் பேங்க்கை வாங்கவே வாங்காதீர்கள். விமானத்தில் கொண்டுபோவதற்கும் அந்த எண்தான் வேண்டும். 100 வாட்-மணி வரை அனுமதி கேட்காமல் கொண்டுபோகலாம், அதுவும் கைப்பையில் மட்டும். சரக்குப் பெட்டியில் போடக்கூடாது. அதற்கும் கீழே வரம்பு வைத்திருக்கும் நிறுவனம் உண்டா என்று டிக்கெட் எடுக்கும்போதே பாருங்கள்.

50,000 என்று எழுதியதை ஒரு தராசில் வையுங்கள். இவற்றில் அதிகம் பயன்படும் உருளை வடிவ லித்தியம் செல் ஒன்று 45 முதல் 50 கிராம் எடை. நல்ல தரமானதே 3,500 எம்ஏஹெச்தான் தரும். 50,000 வேண்டுமானால் குறைந்தது 15 செல்கள் வேண்டும். செல்கள் மட்டுமே 700 கிராம் ஆகிவிடும். உங்கள் கையில் இருப்பது 300 கிராம் என்றால் அதில் எழுதியிருப்பது பொய்.

சூரியத் தகட்டுக்கு வருகிறேன். உள்ளங்கை அளவுத் தகடு, செங்குத்தான வெயிலில், ஒன்றரை வாட் தந்தாலே பெரிது. 74 வாட்-மணியை நிரப்ப இழப்பே இல்லை என்றாலும் 50 மணி நேரம் சுட்டெரிக்கும் வெயில் வேண்டும். நடக்கும்போது பை வெயிலுக்கு முகம் காட்டிக்கொண்டே இருக்காது. மரநிழல் வரும், வளைவு வரும். போதாததற்கு, வெயிலில் காயும் பேட்டரியின் ஆயுள் குறைகிறது. இப்படி ஒன்றை நானும் வாங்கினேன். நாள் முழுக்க முதுகில் சுமந்து நடந்தும் நான்கு விளக்குகளில் முதலாவதுகூட நிலைத்து எரியவில்லை. திருப்பிக் கொடுக்கப் போனால், பெட்டியைப் பிரித்துவிட்டீர்களே என்றார் கடைக்காரர். பெட்டியைப் பிரிக்காமல் ஒரு பொருள் வேலை செய்கிறதா என்று யாரால் பார்க்க முடியும்? பழுதான பொருளை மாற்றித் தர மறுக்க இதைக் காரணமாகச் சொல்ல விடாதீர்கள். ரசீதை வைத்துக்கொண்டு எழுத்து மூலம் கேளுங்கள்.

உங்களுக்குத் தேவையானது இதுதான்: ஃபிளைட் மோடில் வைத்து இரவில் ஒன்றரை மணி நேரம் எழுதினால் கைப்பேசிக்கு ஒரு நாளைக்குக் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு சார்ஜ் போகும். பத்து நாளுக்கு மூன்று முறை நிரப்பினால் போதும். சூரியத் தகடு இல்லாத 10,000 எம்ஏஹெச் பவர் பேங்க் இரண்டு வாங்குங்கள். ஒன்று கெட்டாலும் இன்னொன்று இருக்கும். மின்சாரமே இல்லாமல் வாரக்கணக்கில் நடப்பவர்கள் மட்டும் 20 வாட் அளவிலான மடிப்புத் தகட்டைத் தனியாக வாங்கலாம். அதையும் நடக்கும்போது தொங்கவிடாமல், தங்கும் இடத்தில் வெயிலைப் பார்த்து விரித்து வையுங்கள்.

கேள்வி: இணையக் கடையில் மிகக் குறைந்த விலைக்கு 1 டெராபைட் மெமரி கார்டு வாங்கினேன். முதல் இரண்டு நாள் படங்கள் சரியாக இருக்கின்றன. பிறகு எடுத்தவற்றில் பெயர் மட்டும் தெரிகிறது, படம் திறக்கவில்லை. அப்பாவோடு போன நடை அது. விலை குறைவு என்று வாங்கியது என் தவறுதான் என்கிறார்கள் வீட்டில்.

பதில்: உங்கள் தவறு இல்லை. இது திட்டமிட்ட மோசடி. சின்னக் கொள்ளளவு உள்ள கார்டின் உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லை மாற்றி எழுதி, பெரிய கொள்ளளவு இருப்பதாகக் கைப்பேசிக்குச் சொல்ல வைக்கிறார்கள். உண்மையான இடம் நிரம்பிய பிறகும் கைப்பேசி எழுதிக்கொண்டே இருக்கும், கார்டும் வாங்கிக்கொண்டதாகவே காட்டும். பார்த்தால் யாருக்கும் தெரியாது.

அந்தக் கார்டில் இனி எதையும் எழுதாதீர்கள், ஃபார்மட் செய்யாதீர்கள். கணினியில் போட்டு மீட்பு மென்பொருள் ஒன்றால் படித்துப் பாருங்கள். இருக்கும் இடத்துக்குள் பதிவான படங்கள் வரலாம். அதற்கு அப்பால் போனவை எங்குமே பதிவாகவில்லை. அவற்றையும் மீட்டுத் தருகிறேன் என்று முன்பணம் கேட்பவரிடம் இன்னொரு முறை பணத்தை இழக்காதீர்கள். உங்கள் கைப்பேசி தானாகவே இணையத்தில் நகல் எடுத்திருக்கிறதா, உடன் வந்தவர்கள் எடுத்த படங்கள் உண்டா என்றும் பாருங்கள்.

பொருள் பக்கத்தையும் ரசீதையும் இன்றே படம் பிடித்து வையுங்கள், நாளை அந்தப் பக்கம் இல்லாமல் போகலாம். எஃப்3, ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்று இலவச மென்பொருள்கள் உண்டு. அவை கார்டு முழுவதும் எழுதி, திரும்பப் படித்து உண்மைக் கொள்ளளவைச் சொல்லும். படங்களை மீட்டு முடித்த பிறகு அதை ஓட்டி, முடிவைக் கடையிடம் புகாரோடு சேருங்கள். வங்கி அட்டை மூலம் பணம் கட்டியிருந்தால் வங்கியிலும் மறுப்புத் தெரிவியுங்கள். அதற்குக் காலக்கெடு உண்டு, தள்ளிப்போடாதீர்கள். மற்றவர்களுக்கு: புது கார்டு வந்த அன்றே இந்தச் சோதனையைச் செய்யுங்கள்.

கேள்வி: தூசியும் தண்ணீரும் புகாது என்று காட்டும் ஐபி68 குறியீடு போட்டிருந்ததால் கைப்பேசியை ஓடையில் கழுவினேன். சார்ஜ் துளை ஈரமாக இருக்கிறது என்று எச்சரிக்கை காட்டியது. எழுத வேண்டியிருந்ததால் அப்படியே சார்ஜ் போட்டேன். இப்போது உயிரே இல்லை. வாரண்டியும் தர மறுக்கிறார்கள். வழக்குப் போடலாமா?

பதில்: எச்சரிக்கை வந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதன் பிறகும் சார்ஜ் போட்டுவிட்டு யார் மேல் வழக்குப் போடுவீர்கள்? ஐபி68 என்பதில் 6 தூசிக்கு, 8 தண்ணீருக்கு. தயாரிப்பாளர் சொன்ன ஆழத்தில், சொன்ன நேரம் மட்டும், அசையாத நல்ல தண்ணீரில், புதுக் கைப்பேசியை முக்கிப் பார்த்த சோதனை அது. பாய்கிற தண்ணீருக்கு வேறு எண்கள் இருக்கின்றன. ரப்பர் வளையங்கள் நாளாக நாளாகத் தளரும். தண்ணீரால் வரும் சேதத்துக்கு வாரண்டி இல்லை என்று பெரும்பாலான வாரண்டிச் சீட்டுகளில் இருக்கும். வாங்கிய அன்றே அதைப் படித்திருக்க வேண்டும்.

நீச்சல் குளத்தில் கைப்பேசியைக் காட்டி விளம்பரம் செய்துவிட்டு, வாரண்டியில் கைவிரிக்கும் நிறுவனங்களுக்கு நான் பரிந்து பேசவில்லை. இதற்காக 2020இல் இத்தாலியின் போட்டி ஆணையம் ஆப்பிளுக்கு 1 கோடி யூரோ அபராதம் விதித்தது. 2022இல் ஆஸ்திரேலிய நீதிமன்றம் சாம்சங்கை 1.4 கோடி ஆஸ்திரேலிய டாலர் கட்டச் சொன்னது. விளம்பரத்தை நம்பிக் கெட்டவர்கள் தாராளமாகப் போராடலாம். எச்சரிக்கையை மீறியவரின் வழக்கு நிற்காது.

கேள்வி: ராணுவத் தரம் என்று முத்திரை குத்திய கைப்பேசி இரு மடங்கு விலை. தகுமா?

பதில்: அந்த முத்திரை சொல்லும் மில்-எஸ்டிடி-810 என்பது அமெரிக்க ராணுவத்தின் சோதனைக் கையேடு. அதற்குச் சான்றிதழ் தரும் அமைப்பு எதுவும் இல்லை. எந்தச் சோதனைகளைச் செய்வது என்று தயாரிப்பாளரே முடிவு செய்துகொள்கிறார். எவை என்று எழுதித் தரச் சொல்லுங்கள். தராவிட்டால் சாதாரணக் கைப்பேசிக்குத் தடித்த உறை போடுங்கள்.

கேள்வி: ஆல்ஃபாஸ்மார்ட் நியோ என்ற பழைய தட்டச்சுக் கருவி ஒருவரிடம் விலைக்கு வருகிறது. மூன்று சிறிய பேட்டரியில் 700 மணி நேரம் ஓடுமாம். நான் தமிழில்தான் எழுதுவேன்.

பதில்: அந்த 700 மணி நேரம் தயாரிப்பாளரே சொன்ன கணக்குதான், அருமையான கருவி. தயாரிப்பு 2013இல் நின்றுவிட்டது. ஆனால் அதில் தமிழ் வராது, ஆகவே உங்களுக்கு அது பயன்படாது. எழுதுவதற்கென்றே வரும் கருவிகள் பலவற்றில் இதே குறைதான். விற்பவரிடம் தமிழ் வருமா என்று கேட்டால் வரும் என்றுதான் சொல்வார். நீங்களே ‘கொ’, ‘கௌ’, ‘ஸ்ரீ’ என்று அடித்துப் பாருங்கள். கொம்பும் காலும் பிரிந்து நின்றால் பணத்தைத் திரும்பப் பையில் வையுங்கள்.

முதல் கடிதக்காரரும் இதைக் கவனிக்க வேண்டும். கைப்பேசித் திரையில் தமிழ் அடிக்க முடிவதால் வெளிக் கீபோர்டிலும் வந்துவிடும் என்று எண்ண வேண்டாம். பல உள்ளீட்டுச் செயலிகள் திரைக்கு மட்டுமே வேலை செய்யும். தமிழ்99 விசை அமைப்பானாலும், ஆங்கில எழுத்தில் ஒலியை அடிக்கும் ஒலியியல் முறையானாலும், உங்கள் கைப்பேசியோடு கீபோர்டை இணைத்து ஒரு பக்கம் அடித்துப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

கேள்வி: செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி வாங்கினால் சிக்னல் இல்லாத இடத்திலிருந்தும் வலைப்பதிவு எழுதலாமா?

பதில்: கட்டுரை எழுத முடியாது. ஒரு செய்திக்கு 160 எழுத்து என்பது வழக்கமான வரம்பு, அதுவும் ஆங்கிலத்தில். தமிழ்க் குறுஞ்செய்திக்கு 70 குறியீடுகள்தான், ‘கி’ என்ற ஒரே எழுத்து அதில் இரண்டை எடுத்துக்கொள்ளும். பெரும்பாலானவற்றுக்குச் சந்தாவும் தனி. தனியாக நடப்பவர் என்றால் உயிர்க்காப்புக்காக வாங்குங்கள், அது நியாயமான செலவு. சில நாடுகளில் அனுமதி இல்லாமல் இதை வைத்திருந்தாலே கைது செய்வார்கள். போகும் நாட்டின் சட்டத்தைப் பார்த்த பிறகு வாங்குங்கள்.

கேள்வி: உறைபனியில் 40 சதவீதம் காட்டிய கைப்பேசி திடீரென்று அணைந்தது. பேட்டரியை மாற்றியே ஆக வேண்டும் என்கிறார் பழுது பார்ப்பவர்.

பதில்: இப்போதே மாற்றாதீர்கள். குளிரில் பேட்டரியின் உள்தடை கூடும், வோல்ட் சரியும், கைப்பேசி தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். உடல் சூட்டில் வைத்திருந்து மறுபடி போட்டுப் பாருங்கள். பழைய சதவீதம் வந்தால் பெரும்பாலும் குளிர்தான் காரணம். இரவில் கைப்பேசியையும் பவர் பேங்க்கையும் தூங்கும் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் மட்டும் போடாதீர்கள். உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்துவிடும், அந்தச் சேதம் சரியாகாது. சாதாரண வெப்பத்திலும் இப்படியே அணைந்தால், அமைப்புகளில் பேட்டரி நலம் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். 80க்குக் கீழே போயிருந்தால் மாற்றிக்கொள்ளலாம்.