ராஜஸ்தான் பாலைவனத்தில் பரம்பரையாகப் பாடும் மாங்கணியார்கள் முஸ்லிம்கள்தானே, பிறகு ஏன் கிருஷ்ணன் பாட்டுப் பாடுகிறார்கள்? சுற்றுலாப் பயணிகளுக்காகவா?

ஜெய்சல்மேர் கூடாரத்தில் தங்கி, ஒட்டகச் சவாரி போய், ராத்திரி தீ மூட்டி உட்கார்ந்து கேட்டிருப்பீர்கள். அதனால் வந்த சந்தேகம் இது. நானும் முதல் ஆறு மாதம் அப்படித்தான் நினைத்தேன். நான் காற்றாலை வேலைக்குப் போன திருநெல்வேலிக்காரன். 2017 முதல் நான்கு வருடம் அங்கே இருந்தேன். எனக்குச் சங்கீதம் தெரியாது. 'நாலு வருஷம் இருந்துவிட்டு அளக்கிறான்' என்பவர்கள் தாராளமாகத் தாண்டிப் போகலாம்.

மாங்கணியார்களின் ஜஜ்மான்கள், அதாவது அவர்களை ஆதரிக்கும் குடும்பங்கள், பெரும்பாலும் ராஜபுத்திரர்கள். இந்த வீட்டுக்கு இந்தப் பாடகர் வீடு என்று தலைமுறை தலைமுறையாகக் கணக்கு. பிள்ளை பிறந்தாலும் கல்யாணம் என்றாலும் வந்து பாடுவார்கள். தானியம், ஆடு, பணம் என்று வாங்கிக்கொள்வார்கள். வீட்டுக்காரர் கும்பிடுவது கிருஷ்ணனை என்றால் கிருஷ்ணன் பாட்டு. அதே வாய் சூஃபிக் கவிஞர் ஷா அப்துல் லத்தீஃபின் சிந்திப் பாடலையும் பாடும். பக்கத்திலேயே லங்காக்கள் என்ற இன்னொரு பாடகர் சமூகம் (இலங்கைக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை) இருக்கிறது. அவர்களும் முஸ்லிம்கள், ஜஜ்மான்களும் முஸ்லிம்கள். மேடை வந்ததெல்லாம் பிற்பாடு. 1960இல் நாட்டார் கலை ஆய்வாளர் கோமல் கோத்தாரியும் எழுத்தாளர் விஜய்தான் தேத்தாவும் ராஜஸ்தானின் போருந்தா கிராமத்தில் ரூபாயன் சன்ஸ்தான் என்ற அமைப்பைத் தொடங்கிப் பாட்டுகளைப் பதிவு செய்தார்கள். கலைஞர்களைக் கோத்தாரி வெளிநாடு வரை கொண்டுபோனார். அதற்கு முன்பு சுற்றுலாப் பயணிக்கு எங்கே போவது?

இனி என் கதை. 2020 ஜனவரி. நான் குடியிருந்த வீட்டுக்காரர் பாட்டி ராஜபுத்திரர். ('பாட்டி' அங்கே குலப்பெயர், நம் பாட்டி இல்லை.) அவருக்குப் பேரன் பிறந்ததற்கு வாசலில் ஜமுக்காளம் விரித்து மாங்கணியார்களை உட்கார வைத்திருந்தார். ஒரு பையன் டோலக்கைத் தீயில் காட்டிச் சூடேற்றினான். பெரியவர் மடியில் கமாய்ச்சா: மாமரத்தைக் குடைந்து, வட்டமான வயிற்றில் ஆட்டுத்தோல் போர்த்தி, குடல் நரம்பு கட்டி, குதிரைமயிர் வில்லால் இழுப்பது. முதலில் பாட்டே இல்லை, வம்சம்தான். சுபராஜ் என்பார்கள். தாத்தா, கொள்ளுத்தாத்தா என்று மூச்சு விடாமல் அடுக்கிக்கொண்டே போனார். நடுவில் வீட்டுக்காரர் ஒரு பெயரைத் திருத்தினார். பெரியவர் நிறுத்தி, "ஹுக்கும் (நம் ஊர் 'ஐயா' மாதிரி), அவர் தம்பி. பிள்ளையில்லாமல் போனவர்" என்றார். வீட்டுக்காரர் சிரித்து, தலையாட்டினார்.

இவர்களையா நான் ஒரு ராத்திரி கூடாரத்தில் ஐந்நூறு ரூபாயை நீட்டி இந்தி சினிமாப் பாட்டுப் பாடச் சொன்னேன் என்று நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

அப்புறம் மூமல் பாட்டு. ஜெய்சல்மேருக்குப் பக்கத்து லோதுர்வாவில் இருந்த காதலி மூமலைப் பார்க்க உமர்கோட்டிலிருந்து ராணோ ராத்திரிதோறும் ஒட்டகத்தில் வந்து போவானாம். லோதுர்வா இந்தப் பக்கம், உமர்கோட் இன்று பாகிஸ்தானில். ராணோ சோடா ராஜபுத்திரன். வீட்டு மருமகளும் உமர்கோட் சோடா பெண்தான். ஒரே குலத்துக்குள் பெண் கொடுக்க மாட்டார்கள் என்பதால் அங்கே உள்ள சோடாக்கள் இந்தப் பக்கம் சம்பந்தம் தேடுவது வழக்கம். அந்தப் பெண் 2018இல் தார் எக்ஸ்பிரஸில் மருமகளாக வந்தவர். 1965 போரில் அறுந்து 2006இல் மறுபடி ஓடத் தொடங்கிய இந்தியா-பாகிஸ்தான் ரயில் அது. 2019 ஆகஸ்டில் நிறுத்திவிட்டார்கள். பிரசவத்துக்குத் தாய்வீடு போக முடியவில்லை.

பாட்டு முடிந்ததும் உள்ளேயிருந்து ஒரு குழந்தை ஓடி வந்து, "இன்னொரு தடவை பாடச் சொன்னார்கள்" என்றது. யார் என்று பெரியவர் கேட்கவில்லை. நரம்பை முறுக்கிச் சுருதி சேர்த்துக்கொண்டு மறுபடி பாடினார். வீட்டுக்காரர் போனைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டார். மூன்றாவது தடவை யாரும் சொல்லாமலே பாடினார்.