இன்ஸ்டாகிராம் விளம்பரத்தில் லைக் வருகிறது, ஆர்டர் வரவில்லை. எங்கே தப்பு?

கேள்வி: சுங்குடிச் சேலை விற்கும் சிறு கடை. தினமும் 300 ரூபாய் கட்டி போஸ்ட்டை பூஸ்ட் செய்கிறேன், அதாவது விளம்பரமாக ஓட்டுகிறேன். லைக் குவிகிறது, வாட்ஸ்அப்பில் ஆள் வருவதில்லை. இடையில் கார்டிலும் பணம் எடுக்க மறுக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்:

லைக் வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள், லைக்கைக் கொண்டுவந்து கொட்டியிருக்கிறது. இன்ஸ்டாகிராமை நடத்தும் மெட்டாவின் விளம்பர முறை வேலை செய்வதே அப்படித்தான். உங்கள் சேலையை ஒரு லட்சம் பேருக்குக் காட்டலாம் என்று வையுங்கள். எதைப் பார்த்தாலும் இதயத்தைத் தட்டிவிட்டுப் போகிறவர்கள் அதில் ஒரு கூட்டம். லிங்க் கண்டால் அழுத்திப் பார்ப்பவர்கள் ஒரு கூட்டம். "விலை என்ன?" என்று மெசேஜ் அனுப்புகிறவர்கள் வேறு. யார் எந்த ரகம் என்பதைப் பழைய பழக்கத்தை வைத்து அது கணித்து வைத்திருக்கிறது. நீங்கள் எந்த இலக்கைத் தேர்ந்தெடுத்தீர்களோ அந்தக் கூட்டத்தின் முன்னால் போய்க் கடை விரிக்கும். போஸ்ட்டுக்குக் கீழே இருக்கும் பூஸ்ட் பொத்தானை யோசிக்காமல் அழுத்தினால் பெரும்பாலும் இதயம் தட்டும் கூட்டம்தான் கிடைக்கும்.

பூஸ்ட்டிலேயே இலக்கை மெசேஜுக்கு மாற்றலாம். ஆனால் எங்கெல்லாம் காட்ட வேண்டும், எதை அளக்க வேண்டும் என்ற பிடி உங்கள் கையில் குறைவு. அதோடு ஐபோன் செயலிக்குள் இருந்தே பூஸ்ட் செய்தால் ஆப்பிளின் 30% கட்டணம் சேரலாம். 2024-ல் அமெரிக்காவில் தொடங்கிய ஏற்பாடு இது. பணம் கட்டும் முன் அந்தக் கட்டணம் பில்லில் இருக்கிறதா என்று பாருங்கள். கணினியிலோ போனின் பிரவுசரிலோ செய்தால் அது கிடையாது. எப்படிப் பார்த்தாலும் கணினியில் ஆட்ஸ் மேனேஜருக்கு, அதாவது மெட்டாவின் முழு விளம்பரப் பக்கத்துக்கு, போய்விடுவதே நல்லது.

அங்கே 'கிரியேட்' அழுத்தினால் ஆறு இலக்குகள் வரும்: அவேர்னஸ், டிராஃபிக், எங்கேஜ்மென்ட், லீட்ஸ், ஆப் ப்ரமோஷன், சேல்ஸ். உங்களுக்கு எங்கேஜ்மென்ட். பெயரைப் பார்த்து மறுபடியும் லைக்கா என்று பயப்பட வேண்டாம், முக்கியமான இடம் அடுத்த அடுக்கான ஆட் செட்டில் இருக்கிறது. அங்கே கன்வர்ஷன் லொகேஷன் என்ற இடத்தில் 'மெசேஜ் டெஸ்டினேஷன்ஸ்' என்பதை எடுத்து, வாட்ஸ்அப்பை மட்டும் டிக் செய்யுங்கள். மெசஞ்சரும் இன்ஸ்டாகிராமும் டிக் ஆகியிருந்தால் எடுத்துவிடுங்கள், மூன்று இன்பாக்ஸை ஒரே ஆள் கவனிக்க முடியாது. பெர்ஃபாமன்ஸ் கோல் என்ற இடத்தில் உரையாடல்களின் எண்ணிக்கையைக் கூட்டும் தேர்வு இருக்க வேண்டும். முன்னதாக வாட்ஸ்அப் பிசினஸ் எண்ணைக் கடையின் முகநூல் பக்கத்தோடு இணைத்து ஓடிபி கொடுத்திருக்க வேண்டும். இந்தப் பெயர்களை மெட்டா அடிக்கடி மாற்றி வைக்கும், கருத்தைப் பிடித்துக்கொண்டு தேடுங்கள்.

டிராஃபிக் பக்கம் போக வேண்டாம், லிங்க்கை அழுத்திப் பார்க்கும் கூட்டம்தான் வரும். வெப்சைட் வைத்திருப்பவர்கள் போகத்தான் வேண்டும் என்றால் 'லிங்க் கிளிக்' என்பதை விட்டு 'லேண்டிங் பேஜ் வியூ' என்பதை எடுங்கள். முன்னது, பக்கம் திறக்கும் முன் மூடியவரையும் கணக்கில் சேர்க்கும். விளம்பரம் எங்கே வர வேண்டும் என்று கேட்கும் பிளேஸ்மென்ட்டில் ஆடியன்ஸ் நெட்வொர்க்கையும் நீக்குங்கள். அது மற்ற செயலிகளிலும் கேம்களிலும் காட்டுவது, குழந்தை விரல் பட்டாலும் ஒரு கிளிக்.

அடுத்தது பட்ஜெட். ஒவ்வொரு ஆட் செட்டுக்கும் ஒரு கற்கும் காலம் உண்டு, யாருக்குக் காட்டினால் பலன் என்று மெட்டா பழகும் காலம். ஏழு நாளில் சுமார் 50 முறை இலக்கு நிறைவேறினால்தான் அது முடியும். உங்கள் விஷயத்தில் 50 உரையாடல். ஓர் உரையாடலுக்கு 40 ரூபாய் ஆகிறது என்று கணக்குக்கு வைத்துக்கொள்வோம். 300 ரூபாயில் நாளுக்கு ஏழெட்டு, வாரத்துக்கு 52. சரியாகப் போதும். இதையே கோவைக்கு ஒன்று, மதுரைக்கு ஒன்று, சென்னைக்கு ஒன்று என்று நூறு நூறாகப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் 17 உரையாடல்தான் வரும், மூன்றுமே கடைசிவரை கற்றுக்கொண்டே இருக்கும். எனவே சின்ன பட்ஜெட்டுக்கு ஒரே கேம்பெயின், ஒரே ஆட் செட், அதற்குள் இரண்டு அல்லது மூன்று படம். அவ்வளவுதான்.

தினமும் காலையில் திறந்து எதையாவது தட்டிப் பார்க்கும் பழக்கம் இதைவிடப் பெரிய நஷ்டம். டார்கெட்டை மாற்றினால், படத்தை மாற்றினால், புதிய ஆட் சேர்த்தால், பட்ஜெட்டைப் பெரிதாக ஏற்றி இறக்கினால், ஏழு நாளுக்கு மேல் நிறுத்தி வைத்தால் கற்றல் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். விலையோ போன் எண்ணோ தவறாக இருந்தால் உடனே திருத்துங்கள். மற்றபடி ஒரு வாரம் கையைக் கட்டிக்கொண்டு இருக்கத்தான் வேண்டும். ஒரு நாள் 300-க்குப் பதில் 500 போய்விட்டதே என்று பதறாதீர்கள். தினசரி பட்ஜெட்டில் ஒரு நாளைக்கு 75% வரை கூடுதலாகச் செலவாகலாம், ஆனால் வாரக் கணக்கு ஏழு மடங்கைத் தாண்டாது.

யாருக்குக் காட்டுவது என்பதில் இப்போது உங்களுக்கு அதிக அதிகாரம் இல்லை. ஆட்களைத் தானே தேடும் அட்வான்டேஜ் பிளஸ் ஆடியன்ஸ் இயங்கும்போது நீங்கள் போடும் 'சேலை', 'கைத்தறி' போன்ற ஆர்வங்களை அது வெறும் யோசனையாகத்தான் எடுத்துக்கொள்ளும். ஊர், குறைந்தபட்ச வயது, மொழி போன்ற சிலவற்றைத்தான் கட்டாயமாகப் பின்பற்றும். சேலைக்கு இது பெரிய பாதகம் இல்லை, விட்டுவிடலாம். தப்பு நடப்பது மொழியில். தமிழ்நாட்டுக்கு விளம்பரம் செய்யும்போது மொழி என்ற இடத்தில் 'தமிழ்' என்று போட்டுவிடுகிறார்கள். போனை ஆங்கிலத்தில் வைத்திருக்கும் தமிழர்களில் நிறையப் பேர் அதோடு வெளியே போய்விடுவார்கள். அதைக் காலியாக விடுங்கள். பெங்களூருக்கோ மும்பைக்கோ தமிழில் விளம்பரம் செய்தால் மட்டும் தமிழ் என்று போடலாம். நேரில் ஆள் வர வேண்டிய கடை என்றால் ஊர்ப் பெயரைப் போடாமல் வரைபடத்தில் பின் குத்துங்கள். ஊர்ப் பெயரைப் போட்டால் சுற்றி எடுக்கும் தூரம் 17 கிலோமீட்டருக்குக் கீழே இறங்காது.

படத்துக்கு வருவோம். ஃபீடுக்கு 1080 x 1350, ஸ்டோரிக்கும் ரீல்ஸுக்கும் 1080 x 1920. இரண்டையும் தனித்தனியாகச் செய்து ஏற்றுங்கள், ஒன்றையே வெட்டிக்கொள்ளட்டும் என்று விட்டால் முந்தானை காணாமல் போகும். ரீல்ஸில் மேலே 14%, கீழே 35% இடத்தில் எழுத்து எதுவும் வைக்காதீர்கள், கணக்குப் பெயரும் பொத்தானும் அதன் மேல் உட்காரும். படத்தில் 20%-க்கு மேல் எழுத்து இருக்கக் கூடாது என்று இன்னும் சொல்லிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. அந்த விதியை 2020-லேயே எடுத்துவிட்டார்கள். அதனால் தைரியமாக விலையைப் படத்திலேயே போடுங்கள். விலை தெரியாமல் வரும் பத்துப் பேரைவிட, தெரிந்து வரும் மூன்று பேர் மேல்.

மேலே எழுதும் வாசகத்தில் சுமார் 125 குறியீடுகளுக்குப் பிறகு 'மேலும்' என்று மடங்கிவிடும். தமிழில் இது சீக்கிரம் தீரும். 'விளம்பரம்' நமக்கு ஆறு எழுத்து, கணினிக்கு ஒன்பது, ஏனென்றால் 'வி'-யில் இருப்பது போன்ற துணைக் குறியும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படும். ஆகவே "காலங்காலமாகப் பாரம்பரியம் மிக்க" என்று தொடங்காமல், முதல் வரியிலேயே துணி, விலை, கூரியர் கட்டணம் மூன்றையும் சொல்லிவிடுங்கள். டிடிபி கடையில் பாமினி எழுத்துருவில் அடித்ததை அப்படியே ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும், யூனிகோடுக்கு மாற்றித்தான் ஒட்ட வேண்டும்.

இரண்டு கண்ணிவெடிகள் இருக்கின்றன. ஒன்று, அட்வான்டேஜ் பிளஸ் கிரியேட்டிவ். படத்துக்குத் தானே பாட்டு சேர்ப்பது, வெளிச்சத்தைக் கூட்டுவது, ஓரத்தை நீட்டுவது, வாசகத்தை மாற்றி மாற்றிக் காட்டுவது எல்லாம் அதன் வேலை. துணிக்கடைக்கு இது ஆபத்து. அரக்குச் சேலை சிவப்பாகத் தெரிந்தால் பார்சல் திரும்பி வரும். ஒவ்வொரு ஆட்டிலும் உள்ளே போய் ஒவ்வொன்றாக அணைக்க வேண்டும். பழைய ஆட்டை டூப்ளிகேட் செய்யும்போது மறுபடி எரிந்துகொண்டிருக்கலாம், திரும்பப் பாருங்கள். இரண்டாவது, சினிமாப் பாட்டு. இன்ஸ்டாகிராம் நூலகத்திலிருந்து பாட்டு போட்ட ரீல் நன்றாக ஓடியது என்று பூஸ்ட் செய்யப் போனால் முடியாது என்று சொல்லும். அந்தப் பாட்டுகளுக்கு விளம்பர உரிமை இல்லை. மெட்டா சவுண்ட் கலெக்‌ஷனில் இலவச இசை இருக்கிறது, விளம்பரமாக்கப் போகும் ரீலுக்கு முதலிலேயே அதை எடுங்கள்.

உரையாடல் வரத் தொடங்கிய பின் பணம் கரைவது வாட்ஸ்அப்பில்தான். தானாக வரும் ஆங்கில முதல் மெசேஜை மாற்றி, "விலை என்ன?", "வேறு நிறம் உண்டா?", "எத்தனை நாளில் வரும்?" என்று தட்டினால் போகும் கேள்விகளாக வையுங்கள். பதில்களை வாட்ஸ்அப் பிசினஸின் குயிக் ரிப்ளையில் சேமித்து வைத்தால் கையோடு அனுப்பலாம். இரவு பத்து மணிக்குக் கேட்டவருக்குக் காலை பதினொன்றுக்குப் பதில் சொன்னால் அவர் வேறு இடத்தில் வாங்கியிருப்பார். இரவில் ஆள் இல்லை என்றால் லைஃப்டைம் பட்ஜெட் வைத்து, விளம்பரம் ஓடும் நேரத்தைக் கடை நேரத்துக்குள் அடக்குங்கள். 'பணம் பாக்கி', 'பணம் வந்தது' என்று லேபிள் போட்டால்தான் எத்தனை பேர் கேட்டு எத்தனை பேர் வாங்கினார்கள் என்பது தெரியும்.

இப்போது முழுக் கணக்கு. வாரம் 2,100 ரூபாய், அதோடு 18% ஜிஎஸ்டி, ஆக 2,478. 52 உரையாடலில் ஐந்து பேர் வாங்கினால் ஓர் ஆர்டர் பிடிக்க 496 ரூபாய். ஒரு சேலைக்கு 250 ரூபாய்தான் நிற்கிறது என்றால் ஆட்ஸ் மேனேஜர் எவ்வளவு பச்சையாகக் காட்டினாலும் நஷ்டம்தான். அங்கே டார்கெட்டை நோண்டிப் பயனில்லை. மூன்று சேலை சேர்த்து ஒரு விலை வையுங்கள், அல்லது ஒருமுறை வாங்கியவருக்கு அடுத்த மாதம் புதுச் சரக்கை அனுப்புங்கள். இரண்டாவது ஆர்டருக்கு விளம்பரச் செலவு கிடையாது. எதுவும் ஒத்துவரவில்லை என்றால் அந்தச் சரக்குக்கு விளம்பரம் வேண்டாம்.

கார்டு மறுக்கப்படுவதற்குக் காரணம் பெரும்பாலும் மெட்டா அல்ல. தானாகப் பணம் பிடிக்க முன்கூட்டி அனுமதி பதிவாகியிருக்க வேண்டும் என்ற ரிசர்வ் வங்கி விதி 2021 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. பதிவு இல்லாவிட்டால் வங்கி தடுத்துவிடும். பதிவு இருந்தாலும், 2022-ல் வைத்த வரம்புப்படி ஒரு தடவை பிடிக்கும் தொகை 15,000 ரூபாய்க்கு மேல் போனால் ஒவ்வொரு முறையும் ஓடிபி கேட்கும். நிம்மதியான வழி, யுபிஐ மூலம் முன்பணம் போட்டு ஓட்டுவது. 1,000 ரூபாய் போட்டால் வரி போக 847 ரூபாய்தான் விளம்பரத்துக்கு, அதற்குத் தகுந்தபடி திட்டமிடுங்கள். இருப்பு தீர்ந்தால் விளம்பரம் அப்படியே நின்றுவிடும் என்பதால் வாரத்துக்கு வேண்டியதை ஒரே தடவையில் போடுவது நல்லது. பில்லிங்கில் உங்கள் ஜிஎஸ்டி எண்ணைக் கொடுத்து வைத்தால் அந்த 18%-ஐ உள்ளீட்டு வரியாக எடுக்கலாம், அதாவது நீங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம். சிறு வணிகர்களுக்கான காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு அது கிடையாது. அக்கவுன்ட் ஸ்பெண்டிங் லிமிட் என்று ஒரு பூட்டும் அங்கேயே இருக்கிறது, மொத்தமாக எவ்வளவு தாங்குமோ அதைப் போட்டுவிடுங்கள். கணக்கு தொடங்கும்போது நாணயமும் நேர மண்டலமும் சரியா என்று பார்க்க வேண்டும். பின்னால் மாற்றப் போனால் புதிய விளம்பரக் கணக்குதான் பிறக்கும், பழைய கற்றல் அங்கே வராது.

விளம்பரம் நிராகரிக்கப்பட்டால் அதையே நகலெடுத்து மறுபடி மறுபடி ஏற்றாதீர்கள், கணக்கின் மேல் சந்தேகம் கூடும். துணிக்கடைகள் அதிகம் மாட்டுவது ஆளின் உடலைச் சுட்டும் வாசகத்தில். "நீங்கள் குண்டாக இருக்கிறீர்களா? உங்களுக்கான பிளவுஸ்" என்றால் போகாது. "34 முதல் 48 வரை எல்லா அளவிலும் பிளவுஸ்" என்றால் போகும். தவறே இல்லை என்று தெரிந்தால் 'ரிக்வெஸ்ட் ரிவ்யூ' கொடுத்துவிட்டுக் காத்திருங்கள்.

விளம்பரத்தை ஒரு ஏஜென்சியிடம் விடுவதாக இருந்தால், பிசினஸ் போர்ட்ஃபோலியோவும் (கடையின் பக்கத்தையும் கணக்குகளையும் ஒன்றாக வைக்கும் இடம்) விளம்பரக் கணக்கும் உங்கள் பெயரில் நீங்களே திறந்து, அவர்களைப் பார்ட்னராகச் சேருங்கள். அவர்கள் கணக்கில் ஓட்டவிட்டால் பிரியும்போது பிக்சலும் (வெப்சைட்டுக்கு வருபவர்களைக் கணக்கெடுக்கும் குறிநிரல்) பழைய கணக்கு வழக்கும் அவர்களோடு போய்விடும். வீட்டில் இன்னொருவரையும் அட்மின் ஆக்குங்கள், ஒரே அட்மினின் முகநூல் முடங்கினால் கடைப் பக்கமும் கைவிட்டுப் போகும். "உங்கள் பக்கம் விதியை மீறியது, 24 மணி நேரத்தில் நீக்கப்படும், இந்த லிங்க்கை அழுத்துங்கள்" என்று மெசஞ்சரில் வருவது மோசடி. உண்மையான அறிவிப்பு பிசினஸ் சப்போர்ட் ஹோம் பகுதிக்குள் இருக்கும், அங்கே போய்ப் பாருங்கள். முகநூலில் இரண்டடுக்குப் பாதுகாப்பைப் போட்டு, அது தரும் பத்து ரகசிய எண்களைக் காகிதத்தில் எழுதிக் கல்லாப்பெட்டியில் வையுங்கள்.